பொறுப்பான பெண்மணி

சனிக்கிழமை வந்தாலே இறால் கம்பெனிப் பெண்களுக்கு எரிச்சலாக இருக்கும். மற்ற நாட்களில் வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடலாம். சனிக்கிழமை அப்படி விடமாட்டார்கள். கேண்டீனில் உட்காரவைத்து வகுப்பு எடுப்பார்கள். புதுச்சேரியிலிருந்து ஒரு டிரஸ்ட்டைச் சேர்ந்த மேடம் காரில் வந்து இறங்குவார். வகுப்புக்குப் பெயர் 'பொறுப்புள்ள குடும்பம்'. அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. டீயும் பன்னும் உண்டு.

பகலெல்லாம் ஐஸ் தண்ணீரில் கையை விட்டு, இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை இழுத்துப் போட்ட விரல்கள் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். கையுறை கொடுக்கத்தான் செய்தார்கள். கொடுத்த இரண்டு நாளில் அது கிழிந்துவிடும். அந்த விரல்களை மடியில் போட்டுக்கொண்டு பெண்கள் சுவரில் ஒட்டிய சார்ட்டைப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் 'தேவை', இன்னொரு பக்கம் 'ஆசை' என்று எழுதியிருக்கும். மேடம் ஒவ்வொன்றாகக் கேட்பார். பூ? ஆசை. பிஸ்கட்? ஆசை. சம்பளத்தன்று பிரியாணி? எல்லோரும் சிரித்துக்கொண்டே ஆசை என்பார்கள்.

"புள்ளைக்கு மருந்து மேடம்?" என்று ஒருநாள் சில்வியா கேட்டாள்.

"அது தேவை. அதுல என்ன சந்தேகம்?"

"தேவைன்னு எங்களுக்கும் தெரியுது மேடம். அதுக்குக் காச எந்தப் பக்கத்துலேந்து எடுக்குறதுன்னுதான் தெரியல."

கேண்டீனே சிரித்தது. அமுதம் சிரிக்கவில்லை. சில்வியாவின் வாய்த்துடுக்கு அவளுக்குப் பிடிக்காது. நல்லது சொல்ல வந்தவரை மட்டம் தட்டினால் நாளைக்கு யார் வருவார்கள் என்று நினைத்தாள். அதோடு, மேடம் சொன்ன எல்லாவற்றையும் அமுதம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாள். சம்பளத்தன்று ஜவஹர் அலி கடையில் பிரியாணிப் பொட்டலம் வாங்க எல்லோரும் இறங்கும்போது அவள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் அவளுக்குள் மெல்லிய ஒரு பெருமை ஓடும்.

அன்றைக்கு மேடம், "இங்க கடனே இல்லாதவங்க யாராவது இருக்கீங்களா? கை தூக்குங்க" என்றார். தூக்கியது ஒரே ஒரு கை.

வரிச்சிக்குடியில் அமுதத்துக்குத் தளம் போட்ட சின்ன வீடு இருந்தது. மகள் பாரதிப்ரியா கல்லூரியில் படித்தாள். வாரா வாரம் கடன் தவணை வசூலிக்க வரும் வாரக்குழுக்காரன் மோட்டார் சைக்கிளை அவள் வாசலில் ஒருநாளும் நிறுத்தியதில்லை. இறால் உரிக்கும் ஷெட்டில் மற்றவர்கள் வாங்கும் அதே கிலோக் கூலியைத்தான் அவளும் வாங்கினாள். மேடம் அவளைப் பக்கத்தில் அழைத்துத் தோளில் கைபோட்டு, எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

அடுத்த வாரம் கேமராவோடு ஒரு பையன் வந்தான். இறால் ஷெட்டுக்கு முன்னால் சுத்தமான வெள்ளைக் கோட்டைப் போட்டு அமுதத்தை நிறுத்தினார்கள். மேடம் கேள்வி கேட்க, அவள் பதில் சொல்ல வேண்டும்.

"எங்க வூட்டுக்காரரு லாரியில அடிபட்டுச் செத்தப்ப பாப்பா நாலாங்கிளாஸ் படிச்சிச்சு. கேஸு நடந்து, கடைசியில கொஞ்சம் பணம் வந்துச்சு. அத போஸ்டாபீஸ்ல..."

மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். "அந்த சோகமெல்லாம் வேணாம்மா. பாக்கறவங்களுக்கு நம்பிக்கை வரணும். நீங்க எப்படி சிக்கனமா இருந்தீங்க, அத மட்டும் சொல்லுங்க. உங்க உழைப்பு, உங்க பொறுப்பு. சரியா?"

அமுதத்துக்குச் சரியாகத்தான் பட்டது. கணவன் கோவிந்தராசு லாரியில் அடிபட்டுச் செத்ததையும், அதற்கு வந்த நஷ்ட ஈட்டையும் அவள் ஷெட்டில் ஒருவரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. கணவன் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். பணம் இருப்பது தெரியாது. தெரிந்தால் கைமாத்துக் கேட்டு வருவார்கள் என்ற பயம். வீட்டுக்குத் தளம் போட்டது அந்தப் பணத்தில்தான். மாதம் பிறந்தால் மகளின் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் வருவது அந்தப் பணத்தின் வட்டிதான். கேமராவுக்கு முன்னால் அதையெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னாள். முதல் தடவை நாக்குக் குழறியது. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். கடைசித் தடவை சொல்லும்போது அவளுக்கே அது முழு உண்மை போலத் தெரிந்தது.

"நம்மகிட்ட பொறுப்பு இருந்தா கூலி கம்மிங்கறது ஒரு கொறையே இல்லீங்க. எல்லாம் நம்ம கையிலதான் இருக்கு."

இந்த இரண்டு வரியையும் கம்பெனி வாசலில் பேனராகவே போட்டுவிட்டார்கள். மேலே 'பொறுப்பான பெண்மணி' என்று பெரிய எழுத்து. கீழே வெள்ளைக் கோட்டில் அமுதம்.

வீடியோ சுற்றிச் சுற்றிப் பாரதிப்ரியாவின் போனுக்கும் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தவள் முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பாவப் பத்தி ஒரு வார்த்தை இல்லயேம்மா."

"அது வேணாம்னுட்டாங்கடி."

"நீயும் வேணாம்னுட்டியா?"

அமுதம் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போடப் போனாள். மகள் கையை மறித்துவிட்டாள்.

அந்த டிரஸ்ட் வெறும் வகுப்போடு நிற்கவில்லை. மாதம் ஒரு பொருள் பையும் கொடுத்தது. எண்ணெய், பருப்பு, சேமியா, சோப்பு எல்லாம் இருக்கும். வகுப்பைத் தவறவிடாதவர்களுக்கு, வீட்டில் குடி இல்லாதவர்களுக்கு, புதிதாகக் கடன் வாங்காதவர்களுக்குத்தான் அது. யார் எப்படி என்று புதுச்சேரியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அதனால் அமுதத்தைக் குழுத் தலைவி ஆக்கினார்கள். பையைக் கொடுப்பதற்கு முன் மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒவ்வொரு பேராகச் சொல்லி முகத்தைப் பார்ப்பார்.

"சில்வியா?"

சில்வியா கோவில்பத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். புருஷன் யேசுராஜ் அடுத்தவர் விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். ஒருநாள் வலை இழுக்கும்போது தளத்தில் வழுக்கி விழுந்து இடுப்புப் போய்விட்டது. அப்புறம் அவனால் குனிந்து ஒரு குடம் தூக்க முடியவில்லை. படகுக்காரர் ஒரு தடவை வந்து ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பிள்ளைகள். மாமியார் சகாயம்மாளுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். இத்தனை பேருக்கும் சில்வியாவின் பத்து விரல்தான். யேசுராஜுக்கு வெளியில் ஸ்கேன் எடுக்க அவள் வாரக்குழுவில் கடன் வாங்கியிருந்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அமுதத்திடம்தான் அதைச் சொல்லி அழுதாள்.

"சில்வியா வாரக்குழுல வாங்கியிருக்காங்க" என்றாள் அமுதம். பொய் சொல்லக்கூடாது என்றுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது. எதற்காக வாங்கினாள் என்று மேடம் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

அந்த மாதம் சில்வியாவுக்குப் பை இல்லை. அவள் மேடத்திடம் சண்டை போடவில்லை. பஸ்ஸில் அமுதத்தின் பக்கத்தில் வழக்கம்போலவே உட்கார்ந்தாள்.

"ஒங்களக் கேட்டாங்களாக்கா?"

"கேட்டாங்க."

"சொன்னீங்களா?"

"கேட்டா என்னாடி சொல்றது? நாளைக்கு அவுங்களுக்கே தெரிஞ்சா ரெண்டு பேருக்கும்தான அசிங்கம்."

"அதுவும் சரிதான். ஒங்கள மாதிரி இருந்திருந்தா எதுக்கு இந்தப் பொழப்பு" என்றாள் சில்வியா. அவள் குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். அமுதத்துக்கு அது பாராட்டு மாதிரியே கேட்டது.

கிலோவுக்குக் கூலி கொரோனாவுக்கு முன்னால் வைத்ததுதான். அதற்கப்புறம் எண்ணெய் ஏறிவிட்டது, கேஸ் ஏறிவிட்டது, கம்பெனி பஸ்ஸுக்குக் கூலியில் பிடிப்பது கூட ஏறிவிட்டது. கூலி மட்டும் அசையவில்லை. ஏற்றுமதி நன்றாக நடந்தது. புதிதாக ஒரு குளிர்சாதன அறை கட்டினார்கள். பெண்கள் சேர்ந்து மேலாளர் சிவசுப்பிரமணியனைப் போய்ப் பார்த்தார்கள். அவர் கோபப்படுகிற மனிதர் இல்லை. எழுந்து நின்று கேட்டார். "மேலிடத்துல சொல்றேம்மா" என்றார். மூன்று தடவை போனார்கள். மூன்று தடவையும் அதையேதான் சொன்னார்.

கடைசியில் சில்வியா ஒரு வேலை செய்தாள். இறால் போகும் அட்டைப் பெட்டியில், சரக்கை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் இமெயில் அச்சடித்திருந்தது. அதைப் போனில் படம் எடுத்துப் போய், தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொன்னாள். எங்கள் கூலி இவ்வளவு, கை இப்படி இருக்கிறது என்று நாலு பேரின் விரல்களையும் படம் எடுத்து அனுப்பினார்கள். பெயரையும் தைரியமாகப் போட்டார்கள். அமுதத்தையும் கேட்டார்கள். "எனக்கு என்னாத்துக்கு இதெல்லாம்" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

பதிலே வராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தது. விசாரிக்கச் சென்னையிலிருந்து கவியரசன் என்று ஒரு இளைஞன் வந்தான். வெளிநாட்டுக் கம்பெனிக்காக இப்படித் தணிக்கை செய்வதுதான் அவன் வேலை. மரியாதையான பையன். பெண்களை 'வாங்கம்மா, உக்காருங்கம்மா' என்றான். சில்வியாவின் விரலைக் கையில் பிடித்தே பார்த்தான். பெண்களுக்கு நம்பிக்கை வந்தது.

மத்தியானம் சிவசுப்பிரமணியன் அமுதத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா வந்து உக்காந்தா போதும். ஷெட்டுக்கு ஒரு சூப்பர்வைசர் போடணும்னு மேலிடத்துல சொல்லிட்டே இருக்காங்க. ஒங்க பேரத்தான் எழுதி வச்சிருக்கேன்."

அலுவலக அறையில் ஏசி ஓடியது. ஒரு பக்கம் சில்வியாவும் இன்னும் மூன்று பெண்களும். எதிரே கவியரசன். அமுதத்துக்கு மேலாளர் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மடிக்கணினியைத் திருப்பி வைத்து வீடியோவை ஓடவிட்டார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட அமுதம் திரையில் சிரித்தாள். பொறுப்பு இருந்தா கூலி கம்மிங்கறது ஒரு கொறையே இல்லீங்க என்றாள். அறையில் இருந்த அமுதம் தரையைப் பார்த்தாள்.

"இவங்களும் அதே ஷெட், அதே கூலி சார்" என்றார் சிவசுப்பிரமணியன். "கடன் கிடையாது. சொந்த வீடு. பொண்ணு காலேஜ். நாங்க கூலி குடுக்கலன்னா இது எப்படி சார் முடியும்?"

கவியரசன் அமுதத்தின் பக்கம் திரும்பினான். "நீங்களே சொல்லுங்கம்மா. இந்தக் கூலியில குடும்பம் நடத்த முடியுதா?"

சில்வியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அமுதம் என்ன சொல்வாள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான் இருந்தது. அதுதான் அமுதத்தை உலுக்கியது.

"கூலியில நடக்கலீங்க" என்றாள். சிவசுப்பிரமணியன் நிமிர்ந்தார். "எங்க வூட்டுக்காரரு மெயின் ரோட்டுல லாரி ஏறி செத்துப்போனாரு. அதுக்கு வந்த பணத்த போஸ்டாபீஸ்ல போட்டிருக்கேன். அந்த வட்டியிலதாங்க பொண்ணு படிக்குது. வூட்டுக்குத் தளம் போட்டதும் அதுலதான். கூலி சாப்பாட்டுக்கே காணாதுங்க."

அமுதத்துக்குப் பெரிய பாரத்தை இறக்கி வைத்ததைப் போல இருந்தது.

அதைச் சமாளிக்கச் சிவசுப்பிரமணியனுக்கு ஒரு நிமிடம்தான் பிடித்தது. தலையை மெதுவாக ஆட்டினார்.

"இதத்தான் சார் நாங்க சொல்றோம். எத்தனை வீட்டுல இப்படிப் பணம் வந்து என்னாச்சு? குடிச்சு அழிச்சிருப்பாங்க, இல்ல நகை எடுத்திருப்பாங்க. இவங்க ஒத்தையில நின்னு, ஒரு ரூவா வீணாக்காம, புள்ளையோட படிப்புக்குன்னு போட்டு வச்சாங்க பாருங்க. இதுக்குப் பேருதான் சார் பொறுப்பு."

கவியரசன் முகம் தெளிந்தது. அவனுக்கும் மாலை ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. "ரொம்பப் பெரிய விஷயம்மா" என்று அமுதத்தைப் பார்த்துச் சொன்னான்.

அந்த இடத்தில் இன்னொரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரு ஆள் லாரியில் அடிபட்டுச் சாக வேண்டுமா என்று கேட்டிருக்கலாம். சில்வியா கடன் வாங்கியது நகைக்கு இல்லை, ஸ்கேனுக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் படித்த ஒரு பையன் தன்னைப் பார்த்து 'பெரிய விஷயம்மா' என்றது அந்த நேரத்திலும் அவளுக்கு இனித்தது. இத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்ததை ஒருவன் பார்த்துவிட்டான் என்று இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அறிக்கை வந்த அன்று பெண்களைக் கேண்டீனில் கூட்டினார்கள். கூலி பற்றிய பேச்சு அதில் இல்லை. தொழிலாளர் குடும்பங்களில் பண விழிப்புணர்வு இன்னும் தேவைப்படுகிறது என்று எழுதியிருப்பதாகச் சிவசுப்பிரமணியன் வாசித்துக் காட்டினார். அதற்காக, சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி டிரஸ்ட்டுக்கு நன்கொடை கொடுக்கிறதாம். இனிமேல் புதன்கிழமையும் வகுப்பு உண்டு. பொருள் பையில் ஒரு பாக்கெட் ரவை கூடுதலாக வரும். யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து கைதட்டினாள். கிண்டலா உண்மையா என்று தெரியவில்லை.

அமுதத்துக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. ஐஸ் தண்ணீரில் கைவைக்க வேண்டியதில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில் பஸ் கோவில்பத்து நிறுத்தத்தில் நின்றது. மற்ற பெண்கள் ஏறினார்கள். சில்வியா படியில் கால் வைத்தபோது டிரைவர் கையை நீட்டி மறித்தான்.

"ஒம் பேரு இல்லம்மா. ஏத்த வேணாம்னுட்டாங்க."

"யாரு சொன்னா?"

"ஆபீஸ்லதான். என்னக் கேட்டா?" அவனுக்கும் சங்கடமாக இருந்தது. முன் சீட்டில் புதுக் கோட்டோடு உட்கார்ந்திருந்த அமுதத்தைத் திரும்பிப் பார்த்தான். "நீங்கதான இப்ப சூப்பர்வைசரு. ஏத்திக்கவாக்கா? அங்க வந்து பேசிக்கட்டும்."

ஒரு தலையாட்டல் போதும். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் என்னா சொல்றது" என்றாள் அமுதம். "ஆபீஸ்ல என்னா சொன்னாங்களோ அதப் பாருங்க."

சில்வியா காலை எடுத்துக் கீழே வைத்தாள். சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். கதவு மூடியது. கடிதத்தில் பெயர் போட்ட மற்ற மூன்று பேரும் அந்த வாரத்துக்குள் ஒவ்வொருவராக நிறுத்தப்பட்டார்கள். சரக்கு வரத்துக் குறைவு என்று காரணம் சொன்னார்கள். சரக்கு எப்போதும்போல வந்துகொண்டுதான் இருந்தது.

மாதக் கடைசியில் சூப்பர்வைசருக்கென்று பெரிய பொருள் பை ஒன்று வந்தது. அமுதம் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சொந்தக் காசில் அரிசியும் கொஞ்சம் வாங்கிச் சேர்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பகலில் கோவில்பத்துக்குப் போனாள். பஸ்ஸில் போகும்போது என்ன பேசுவது என்று மனதுக்குள் கோத்துக்கொண்டே போனாள்.

வாசலில் சில்வியா மாமியாரின் காலில் புண்ணுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். சகாயம்மாள் சுவரில் சாய்ந்து வலியில் கண்ணை மூடியிருந்தாள். உள்ளே யேசுராஜ் பாயில் படுத்திருப்பது தெரிந்தது. சில்வியா கட்டை முடித்து, கையைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"வேலை ஏதாச்சும் பாத்தியா?" என்று கேட்டாள் அமுதம்.

"ரெண்டு வூட்டுல பாத்திரம் தேய்க்கறேன். மீன் ஏலத்துக்கும் போறேன், கூடை தூக்க."

"நான் அன்னிக்கி ஆபீஸ்ல உள்ளதத்தான்டி சொன்னேன். நீயும் கேட்ட. கூலி பத்தலன்னுதான் சொன்னேன்."

"சொன்னீங்க. கேட்டேன்." சில்வியா குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் பணத்தப் பத்தி எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாங்க்கா. நான் கேட்டிருக்க மாட்டேன். சாமி சத்தியமா ஒரு ரூவா கேட்டிருக்க மாட்டேன். அத்தன வருசமா ஒங்களயும் என்னயும் பக்கத்துல வச்சுப் பாத்துப் பாத்து, என் கையிலதான் என்னமோ ஓட்ட இருக்குன்னு நெனச்சேன். இவரு திட்டுவாரு, அமுதத்தப் பாருடி, அதே கூலிதானேன்னு. நானும் ஆமான்னு கேட்டுப்பேன். புள்ளைக்கு ஒரு பிஸ்கட் வாங்கிக் குடுத்துட்டு நைட்டெல்லாம் தூக்கம் வராம கெடந்திருக்கேன், பொறுப்பில்லாதவளாயிட்டமேன்னு."

அமுதம் பையை முன்னால் நீட்டினாள். சில்வியா அதை வாங்க மாட்டாள், தூக்கி எறிவாள் என்று ஒரு பக்கம் பயமாக இருந்தது. எறிந்தால் கூடத் தேவலை என்று இன்னொரு பக்கம் இருந்தது.

சில்வியா எறியவில்லை. பையை வாங்கித் திறந்து உள்ளே பார்த்தாள். எண்ணெய்ப் பாக்கெட் ஒழுகுகிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பெரிய பிள்ளையைக் கூப்பிட்டு, "எடுத்துட்டுப் போயி அடுப்பாண்ட வை" என்று கொடுத்தாள்.

"புள்ளைங்க சாப்புடும்" என்றாள். "இனிமே நீங்க வர வேணாங்க்கா. குடுக்கணும்னு தோணுச்சுன்னா யாருகிட்டயாச்சும் குடுத்து வுடுங்க. வாங்கிக்கறேன்."

பிறகு, புண் கழுவிய தண்ணீரைக் கொட்டுவதற்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். சகாயம்மாள் கண்ணைத் திறந்து அமுதத்தைப் பார்த்தாள். யார் என்று அடையாளம் தெரியாமல், "டிரஸ்ட்டுலேந்து வந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்றாள் அமுதம்.

"நல்லா இருப்பீங்க" என்று அந்தக் கிழவி இரண்டு கையையும் கூப்பினாள்.